மிஷன் பயணமாக வெளிநாட்டுப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு திருச்சபைப் பள்ளியில் தன்னார்வலராக வேலை செய்திருக்கிறேன். அதிலிருந்து, யார் வீட்டுப் பிள்ளை மிஷன் பயணம் (சபை சார்பில் வெளியூருக்கு ஊழியம் செய்யப் போவது) என்று பெட்டி கட்டினாலும் "டீச்சரை ஒரு வார்த்தை கேள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 12 பேர் கென்யாவுக்கு இரண்டு வாரம் போகிறோம். பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் எடுப்பதாகத் திட்டம். சரியா டீச்சர்? (நெல்லிக்குப்பம்)

பெயிண்ட் வேண்டாம் தம்பி. அந்த ஊரில் பெயிண்டர் இல்லாமல் இல்லை. நீங்கள் விமானம் ஏறிப் போய் அவருடைய கூலியைக் கெடுக்க வேண்டாம். உங்களில் எத்தனை பேர் இதுவரை பிரஷ் பிடித்திருக்கிறீர்கள் என்றும் தெரியவில்லை.

பாடம் எடுப்பதும் இரண்டு வாரத்தில் நடக்கிற காரியமில்லை. நம் பள்ளிகளில் பி.எட். பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போன பிறகு வகுப்பு ஆசிரியர் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுப்பார். அவர்களாவது பயிற்சி பெறுகிறவர்கள், நாற்பது நாளாவது இருப்பார்கள். நீங்கள் 12 பேர் ஒரே நேரத்தில் போய் இறங்கினால் அந்தப் பள்ளி உங்களுக்குச் சமைக்கவும் உங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றவுமே இரண்டு வாரத்தைச் செலவழிக்கும். வந்த விருந்தாளியிடம் அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

திட்டத்தை நீங்கள் போடாதீர்கள். அந்தத் தலைமையாசிரியருக்கு எழுதி, எந்த வேலைக்கு ஆள் குறைகிறது என்று கேளுங்கள். நான் இருந்த பள்ளியில் தேவைப்பட்டது புது வாத்தியார் இல்லை. நூலகத்தில் மூட்டையாகக் கிடந்த புத்தகங்களைப் பிரித்து அடுக்க ஒருவர், ஓடாத கணினிகளைப் பார்க்க ஒருவர், வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளோடு தினமும் அரை மணி நேரம் உட்கார ஒருவர், அவ்வளவுதான். இப்படிக் கேட்டால் 12 பேர் என்பது தானாக மூன்று நாலு பேராகச் சுருங்கும். சுருங்கட்டும்.

அப்புறம், எப்போது போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், மூன்று பருவம். நம் கிறிஸ்துமஸ் லீவில் போனால் அங்கே பள்ளி பூட்டிக் கிடக்கும். நமக்குக் கோடை விடுமுறையாக இருக்கிற மே மாதத்தில் அங்கே இரண்டாம் பருவம் நடக்கும். ஆசிரியர்கள் போவதற்கு அதுதான் தோது.

சம்பளம் வாங்கப் போவதில்லை. சுற்றுலா அனுமதியில் போனால் போதும்தானே? (முத்தியால்பேட்டை)

போதாது. இந்த "சம்பளம் வாங்கவில்லையே" என்ற பதில் குடிவரவு அதிகாரியிடம் எடுபடாது. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவில் பழைய விசாவுக்குப் பதில் ஆன்லைன் பயண அனுமதி வந்துவிட்டது. எளிதாகக் கிடைக்கிறது என்பதால் பலரும் அதிலேயே போய் வகுப்பில் நிற்கிறார்கள். அது பார்வையாளருக்கானது. பள்ளியில் வேலை செய்ய, அது ஊழியமாகவே இருந்தாலும், உங்களை அழைக்கும் திருச்சபை அங்கே தனி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்" என்று அழைக்கிறவர் சொன்னால், அந்த அழைப்பை ஏற்காதீர்கள்.

பக்கத்தில்தானே என்று நேபாளம் போகிறவர்களும் கவனியுங்கள். இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லைதான். ஆனால் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதற்கு ஐந்தாண்டு வரை சிறை. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்திவிடுவார்கள். பள்ளியில் உதவி என்று போய்விட்டுப் பையில் துண்டுப் பிரசுரம் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமில்லை, உங்களைத் தங்கவைத்த குடும்பமும்தான்.

பிள்ளைகளுக்குச் சுவிசேஷம் சொல்லாமல் வந்தால் அது என்ன மிஷன் பயணம்? (கடலூர் முதுநகர்)

கோபம் புரிகிறது ஐயா. கென்யாவில் கிறிஸ்தவ சமயக் கல்வி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இஸ்லாமிய சமயக் கல்வியும் இந்து சமயக் கல்வியும்கூட உண்டு. திருச்சபைப் பள்ளி என்றால் காலை ஜெபமும் இருக்கும். அதில் பேசச் சொன்னால் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் கணக்கு வகுப்பில் கணக்குதான். அந்த வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். பரிசு கொடுத்துக் கையைத் தூக்கச் சொல்லி, "இத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள்" என்று சபைக்கு அறிக்கை எழுதுவது எனக்குப் பிடிக்காது. நோட்டும் பென்சிலும் கொடுக்கிற மாமா கையைத் தூக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை தூக்காது?

டிக்கெட் பணத்தை அப்படியே அந்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் என்ன? (புதுப்பாளையம்)

பல நேரம் அதுதான் நல்லது. உள்ளூரில் ஒரு ஆசிரியருக்குச் சம்பளமாகும். உங்களுக்கு மட்டும் தெரிந்த வேலை ஒன்று அங்கே தேவைப்பட்டால் போங்கள், இல்லாவிட்டால் அனுப்புங்கள். ஆனால் சபை அறக்கட்டளைக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குச் செலவழித்தால் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும், ஆடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். தனி ஆள் தன் பணத்தை வங்கி வழியாக நன்கொடையாக அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் வரம்பு ஆண்டுக்கு 2,50,000 டாலர். அந்த வரம்பு நம்மில் யாருக்கும் இடிக்கப் போவதில்லை!

என் ஆங்கிலம் சுமார்தான். அவர்கள் மொழியும் தெரியாது. எப்படிச் சமாளிப்பது? (பண்ருட்டி)

கென்யாவில் மேல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். சின்ன வகுப்புகளில் அந்தப் பகுதி மொழிதான். கிசுமுவில் அது லுவோ, எல்லோருக்கும் பொதுவாக சுவாஹிலி. முதல் வாரம் பாடமே எடுக்காதீர்கள். கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள்.

இதை நானாகச் சொல்லவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிக் கற்றுக்கொண்டார். பிரசங்கமும் அச்சகமும் அதற்குப் பிறகுதான். நம் கடற்கரைக்கு வந்தவரே அப்படி உட்கார்ந்தார் என்றால், வேறு கரைக்குப் போகிற நமக்கு என்ன அவசரம்?

நேரம் சொல்வதையும் கவனியுங்கள். சுவாஹிலியில் பொழுது விடிந்ததிலிருந்து மணியை எண்ணுவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. யாராவது சுவாஹிலியில் இரண்டு மணிக்கு வரச் சொன்னால் காலை எட்டுக்கே போய் நில்லுங்கள்.

சின்ன வகுப்புக் கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். நம் பல்லாங்குழிக்கு உறவான பாவோ அங்கே கிழக்குக் கடற்கரை முழுவதும் பிரபலம். மேற்குப் பக்கமும் அதே மாதிரி குழி விளையாட்டு உண்டு. குழியில் காய் போட்டு எண்ண ஆரம்பித்தால் மொழி தெரியாதது பெரிய குறையாகத் தெரியாது. நான் தோற்றுக்கொண்டே இருந்ததில் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட குஷி.

என்னென்ன ஊசி போட வேண்டும்? (வில்லியனூர்)

கென்யா, உகாண்டா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையத்துக்கே போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. முன்பதிவு செய்து போங்கள். பயணத்துக்கு 10 நாளாவது முன்னால் போட வேண்டும். ஒரு தடவை போட்டால் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இங்கே நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசாமல் போட வேண்டாம்.

மலேரியா வேறு விஷயம். நைரோபி உயரமான ஊர், அங்கே பயம் குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கமும் கடற்கரையும் அப்படியில்லை. மலேரியா வராமல் தடுக்க டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் சென்னையில் இறங்கியதுமே நிறுத்திவிடுகிறார்கள். வந்த பிறகு காய்ச்சல் வந்தால், டெங்குவாக இருக்கும் என்று வீட்டிலேயே இருக்காமல், ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம்? (அரியாங்குப்பம்)

ஸ்வெட்டர். சிரிக்காதீர்கள், ஜூலையில் நைரோபி குளிரும். மூன்று செவ்வகக் கால் உள்ள பிரிட்டிஷ் பிளக்குக்கு அடாப்டர். துணிக்கடை பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், 2017 ஆகஸ்டிலிருந்து அங்கே தடை. நம் மஞ்சப்பை போதும். எண்ணிப் பழகலாமே என்று புளியங்கொட்டை எடுத்துப் போகாதீர்கள், விதை என்று சுங்கத்தில் நிறுத்துவார்கள். மக்காச்சோள மணி அங்கேயே கிடைக்கும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். உகாலி என்கிற மக்காச்சோளமாவுக் களியும் கீரையும்தான் அன்றாடம். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. சப்பாத்தியும் பால் டீயும்கூட உண்டு.

குறும்பு செய்தால் ஒரு தட்டு தட்டலாமா? நம் காலத்தில்... (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்)

கூடாது சார். இங்கே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது, கென்யாவில் 2013ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டம் தடுக்கிறது. அங்கே யாராவது பிரம்பு வைத்திருப்பதைப் பார்த்தாலும் நீங்கள் எடுக்காதீர்கள்.

எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அதனால் பயன் உண்டா? (லாஸ்பேட்டை)

நிறைய. புதுச்சேரிக்காரர்களுக்கு உள்ள இந்த வசதி கடலூரிலிருந்து போன எனக்கு இல்லை. மடகாஸ்கர், பெனின், ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளில் பள்ளிப் படிப்பில் பிரெஞ்சுக்குப் பெரிய இடம் உண்டு. பிரெஞ்சில் அறிவியலோ கணக்கோ விளக்கத் தெரிந்த இந்தியத் தன்னார்வலர் அதிகம் கிடைப்பதில்லை. துறவற சபைகள் பலவற்றுக்கு அங்கே பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் பங்குத் தந்தையிடமிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.

என் மகள் ஆறு மாதம் தனியாகப் போக ஆசைப்படுகிறாள். அனாதை இல்லமும் பள்ளியும் சேர்ந்த இடம். அனுப்பலாமா டீச்சர்? (ரெட்டியார்பாளையம்)

பள்ளி என்றால் யோசிக்கலாம். அனாதை இல்லம் என்கிறபோது எனக்குத் தயக்கம்தான் அம்மா. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டார் வந்து பார்த்துப் பணம் கொடுப்பதால் வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து வைக்கிற நிலைமை பல நாடுகளில் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதையும் நவீன அடிமைத்தனத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். நல்ல இடமாக இருந்தால் உங்கள் மகளிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். பிள்ளைகளோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது, முகம் தெரியப் படம் போடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்குவார்கள். எதுவுமே கேட்காமல் "உடனே வாங்க" என்கிற இடத்தில், உங்கள் மகளுக்கு முன் யார் யார் வந்து போனார்களோ!

அதெல்லாம் சரியாக இருந்தால் அனுப்புங்கள். போனதும் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அவள் தங்கப்போகிற வீட்டம்மாவிடம் நீங்களே ஒரு தடவை வீடியோ காலில் பேசிவிடுங்கள். கென்யாவாக இருந்தால் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். காலை ஜெபம் முடிந்த கையோடு ஆறு மணிக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள், அங்கே மூன்றரைதான் ஆகியிருக்கும்.