எருசலேமிலிருந்து ஒரே நாளில் எரிகோவின் தொல்லிடங்களையும் அங்குள்ள அகதி முகாமையும் பார்த்துத் திரும்ப முடியுமா?

முடியும். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். வெயிலும் சோதனைச் சாவடியும்தான் நாளைக் கெடுக்கும். கோடையில் நாற்பது டிகிரி தாண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வசதி. சாவடிகள் முன்னறிவிப்பில்லாமல் மூடப்படுவதுண்டு. கிளம்பும் அன்று காலையிலேயே உள்ளூர் ஓட்டுநர் ஒருவரிடம் விசாரியுங்கள்.

இஸ்ரேலில் எடுக்கும் வாடகைக் கார் வேண்டாம். எரிகோ பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள 'ஏ' பகுதி. பெரும்பாலான நிறுவனங்களின் காப்பீடு அங்கே செல்லாது. எருசலேம் பழைய நகரின் தமஸ்கு வாசலருகே அரபுப் பேருந்து பிடித்து அல்-அய்சரியா (வேதாகமத்துப் பெத்தானியா) போய், அங்கிருந்து 'சர்வீஸ்' எனப்படும் பகிர்வு வேனில் எரிகோவுக்குப் போகலாம். பாஸ்போர்ட்டோடு, இஸ்ரேலுக்குள் நுழைந்தபோது தந்த சிறு நீலச் சீட்டும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது அதைத்தான் கேட்பார்கள்.

முதலில் பழைய எரிகோ நகரின் தொல்மேடான தெல் எஸ்-சுல்தான். நிழலே கிடையாது, ஆகவே காலையிலேயே ஏறிவிடுங்கள். வேதாகமத்தில் யோசுவா இடித்த மதிலைத் தேடி வருபவர்களுக்கு வெறும் மண்மேடாகத்தான் தெரியும். 1950களில் இங்கே தோண்டிய தொல்லியலாளர் கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலத்துக்குப் பொருந்தும் மதில் எதுவும் கிடைக்கவில்லை என்றார். பார்க்க வேண்டியது அவர் வெட்டிய ஆழமான குழியின் அடியில் நிற்கும் கற்கோபுரம்: சுமார் 8.5 மீட்டர், உள்ளே 22 படிகள், வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். இந்தத் தொல்மேடு 2023ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வெயில் ஏறியதும், எட்டாம் நூற்றாண்டு இஸ்லாமிய அரண்மனையின் இடிபாடான ஹிஷாம் அரண்மனை. எண்ணூறு சதுர மீட்டருக்கும் மேற்பட்ட மொசைக் தளம் கூரைக்குள் இருக்கிறது, மேலே தொங்கும் நடைபாதையிலிருந்து பார்க்கலாம். பக்கத்துச் சிற்றறையில் மானைத் தாக்கும் சிங்கத்தின் மொசைக்கைத் தவறவிடாதீர்கள்.

வெயில் தணிந்தபின் அக்பத் ஜபர். 1948ல் உருவான முகாம். 1967 போரில் பெரும்பாலோர் ஜோர்தானுக்கு ஓடியதால் பாதிக்கு மேல் காலியானது. கூடாரங்களை எதிர்பார்க்காதீர்கள், இன்று அவை கான்கிரீட் வீடுகள். முந்தைய இரவு ராணுவச் சோதனை நடந்திருந்தால் போகவே வேண்டாம். தனியாக நுழையாமல், முகாமைச் சேர்ந்தவர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, பேசிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாயோ காசோ வீசுவது மிருகக்காட்சிசாலைப் பழக்கம். கேட்காமல் ஆட்களைப் படமெடுக்காதீர்கள். இறந்த இளைஞர்களின் சுவரொட்டி முன்னால் செல்ஃபி வேண்டவே வேண்டாம். காபி கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள்.

யோர்தான் ஞானஸ்நானத் துறையை இதே நாளில் திணிக்காதீர்கள். அது வேறு பாதை. அங்கே போகும்போது வேலிக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது, கண்ணிவெடிப் பலகைகள் அலங்காரத்துக்கு மாட்டியவை அல்ல. நான்கு மணிக்குள் திரும்பும் வேனில் ஏறிவிடுங்கள்; சாவடியில் தாமதமாகலாம், குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும்.