வாசகர் கேள்வி பதில்: லக்ஷபானவுக்கு ஏன் முப்பது வருஷம்?

கேள்வி (ஹட்டன் வாசகர்): நோட்டன்பிரிட்ஜ் பக்கம் இருக்கும் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திர என்று பெயர். யார் இவர்? அமைச்சர் யாராவதா?

பதில்: அமைச்சராக இருந்ததில்லை. இலங்கையில் அணைக்கும் பாலத்துக்கும் பெயர் பார்த்தால் முதலில் அமைச்சர்தான் நினைவுக்கு வருவார், உங்கள் மேல் தப்பில்லை. இவர் பொதுவேலைத் திணைக்களத்து இன்ஜினியர், அதாவது அந்தக் காலத்து பி.டபிள்யூ.டி. ஆள். முழுப்பெயர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர, 1874இல் காலியில் பிறந்தவர். கொழும்பு ஆனந்தாவிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்துவிட்டு 1896இல் திணைக்களத்தில் சின்ன உத்தியோகத்தில் சேர்ந்தார். உள்ளூர்க்காரர் கீழே, வெள்ளைக்காரர் மேலே என்று இருந்த இடம் அது. பிறகு லண்டன் போய் மின்பொறியியலும் படித்தார். தங்கம் இருக்கிறதா பார் என்று மலைக்கு அனுப்பப்பட்டவர் தங்கத்தை விட்டுவிட்டு நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு திரும்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை இவ்வளவு அழகாக இருப்பதாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

சந்தேகமில்லாத விஷயம் 1912. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். ஆகவே 1918இல் மஸ்கெலியா ஓயா, கெசல்கமு ஓயா இரண்டிலும் மின்சாரம் எடுக்கலாம் (பின்னால் லக்ஷபான என்று பெயர் வாங்கிய திட்டம் இதுதான்) என்று அவர் எழுந்து நின்று சொன்னபோது அதைக் கனவு காண்கிறவன் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, சின்ன அளவில் செய்து காட்டியிருந்தார்.

கேள்வி (வவுனியா வாசகி): 1918இல் சொன்ன திட்டம் 1950இல்தான் வந்ததாம். வெள்ளைக்காரனின் பொறாமைதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதி இதைவிடச் சுவாரஸ்யம், கொஞ்சம் நீளமாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நீர்மின்சாரத்துக்கு இரண்டே விஷயம்தான் வேண்டும்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. ஒரு விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் நூறு மீட்டர் இறங்கினால், இழப்பெல்லாம் போக 800 கிலோவாட்டுக்கு மேல் கையில் நிற்கும். நோட்டன் அணையிலிருந்து பழைய லக்ஷபான நிலையம் வரை உள்ள இறக்கம் நானூறு மீட்டருக்கும் மேல். ஆகவே பெரிய ஆறு தேவையில்லை, ஓடை மாதிரி தெரிகிற ஓயாவே போதும். அதுவும் ஆசியாவிலேயே நல்ல மழை கொட்டுகிற மேற்குச் சரிவு. இது தெரியாத முட்டாள்கள் இல்லை அன்றைய அதிகாரிகள். யாரும் வந்து 'இதில் மின்சாரம் வராது' என்று சொல்லவில்லை.

அவர்கள் கேட்டது வேறு: இவ்வளவு கரண்ட்டை யார் வாங்குவார்? இது குதர்க்கமான கேள்வி இல்லை. கொழும்பில் 1890களிலேயே பூஸ்டட் சகோதரர்கள் என்ற தனியார் கம்பெனி மின்விளக்கு கொண்டுவந்துவிட்டது, ட்ராமும் ஓட்டியது. அந்த மின்சாரம் இறக்குமதி எரிபொருளில் வந்தது. மலையிலோ தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் தோட்டத்து ஓடையிலேயே சின்ன டர்பைன் வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள், அப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. கரண்ட் வாங்கப் பணம் இருந்த துரைமார் வீட்டில் ஏற்கனவே கரண்ட் இருந்தது. கரண்ட் இல்லாத லயத்துக்காரரிடம், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுத் தொழிலாளியிடம், பணம் இல்லை. வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தில் லயத்துக்காரர் 'தேவை' என்ற பத்தியில் வரவே இல்லை, கூலிப் பத்தியில் மட்டும் வந்தார்.

விமலசுரேந்திரவின் கெட்டித்தனம் இங்கேதான். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரையின் தலைப்பிலேயே பொருளாதாரம் என்ற சொல் இருக்கிறது, நீர்வீழ்ச்சியின் அழகு இல்லை. தொழிற்சாலை வரட்டும், ரயிலை மின்சாரத்தில் ஓட்டலாம், இறக்குமதிச் செலவு குறையும் என்றார். அதாவது தேவை முதலில் வந்து மின்சாரம் பின்னால் வருவதில்லை, மின்சாரம் முதலில் வந்தால் தேவை தானே வரும் என்ற கட்சி. அன்றைக்கு அரசாங்கம் எதிர்க்கட்சி. இந்த வாதம் இன்னும் முடியவில்லை, இன்றைக்கும் எந்த மின்நிலையக் கூட்டத்திலும் இரண்டு தரப்பும் உட்கார்ந்திருக்கும்.

பொறாமையும் இருந்திருக்கும். ஒரு சுதேசி இன்ஜினியர் சொன்னதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டப்பட்டவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1920களின் நடுவில் வேலை தொடங்கவும் செய்தார்கள், பிறகு பணமில்லை என்று நிறுத்தினார்கள். அதே காலத்தில் அரசு மின்துறைக்கென்று 1927இல் தனித் திணைக்களம் வந்தது. விமலசுரேந்திரவை அங்கே மாற்றினார்கள், ஆனால் தலைமைப் பதவியில் வைக்கவில்லை. கொழும்பில் ஆளுநர் ஸ்டான்லி பெயரில் எரிபொருள் மின்நிலையம் ஒன்று எழுந்தது. மலையில் போட்ட திட்டம் நின்றுபோக, நகரத்தில் புகைபோக்கி ஏறியது. அவர் வெறுத்துப் போய் ஓய்வு பெற்றதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): இந்தியாவில் மட்டும் எப்படி முன்னாடியே வந்தது? அங்கேயும் வெள்ளைக்காரன்தானே?

பதில்: வாங்குகிற ஆள் தயாராக இருந்தான். மைசூர் சமஸ்தானம் 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் நிலையம் கட்டியபோது, அங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளி கோலார் தங்கவயல் இருந்தது. சுரங்கத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. உங்கள் ஊர் மில்களுக்கு பைக்காரா 1932இல் வந்ததும் இதே கதைதான். லக்ஷபானவுக்குப் பக்கத்தில் தங்கமும் இல்லை, பஞ்சாலையும் இல்லை.

கேள்வி (இரத்தினபுரி வாசகர்): எங்கள் தொகுதியில் தேர்தலில் நின்று ஜெயித்தாராமே, உண்மையா? ஜெயித்து என்ன கிழித்தார்?

பதில்: உண்மை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்து நடந்த முதல் தேர்தல் அது. (யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரித்ததால் அங்கே ஆசனங்கள் 1934 வரை காலியாகக் கிடந்தன, அது வேறு கதை.) ஓய்வுபெற்ற இன்ஜினியர் அரசாங்க சபைக்குப் போனதன் நோக்கம் ஒன்றே ஒன்று, லக்ஷபானவை மறுபடி மேசைக்குக் கொண்டுவருவது.

கிழிக்க முடிந்ததா என்று கேட்டால், உடனே இல்லை. காரணத்தையும் பாருங்கள். சபையில் உறுப்பினர் கேள்வி கேட்கலாம், கத்தலாம், ஏழு நிர்வாகக் குழுக்களில் ஒன்றில் உட்காரலாம். ஆனால் பணப்பெட்டிச் சாவி நிதிச் செயலாளரிடம், அவர் பிரித்தானிய அதிகாரி, மக்கள் வாக்குப் போட்டு வந்தவர் இல்லை. அதற்கு மேல் உலகப் பொருளாதார மந்தம், தேயிலையும் ரப்பரும் விலை போகாத நேரம். பெரிய திட்டத்துக்குக் கடன் கேட்டுப் போகிற சமயமா அது.

1936இல் ஜோன் கொத்தலாவல போக்குவரத்து, வேலைகள் துறைக்கு அமைச்சராக வந்தார், அவர் லக்ஷபான ஃபைலை மறுபடி தூசு தட்டினார். அப்புறம் போர் வந்து தள்ளிப்போட்டது. கடைசியில் 1950இல் 25 மெகாவாட்டோடு லக்ஷபான முதல் கட்டம் ஓடியது. விமலசுரேந்திரவுக்கு அப்போது வயது 76, மூன்று வருஷம் கழித்து காலமானார். பெருமை அமைச்சருக்குப் போகிறதா இன்ஜினியருக்குப் போகிறதா என்று கொழும்பில் இன்னும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் சொல்வேன், இன்ஜினியர் கொண்டுவந்தது திட்டம், அமைச்சர் கொண்டுவந்தது கையெழுத்து. அந்தக் கையெழுத்து கிடைக்கத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

கேள்வி (மஸ்கெலியா வாசகர்): எங்கள் லயத்துக்கு மேலேதான் பெரிய கம்பி போகிறது. தாத்தா காலம் முழுக்க குப்பி விளக்குதான். இந்த மனுஷனைக் கொண்டாட எங்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: கோபம் நியாயம். லக்ஷபான ஓடத் தொடங்கியதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் 1948 குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவர் வீட்டுக்குக் கம்பி இழுக்க எந்த அரசியல்வாதி அவசரப்படுவார்? சொல்லப்போனால் 1918இல் 'யார் வாங்குவார்' என்று கேட்ட அதே கணக்கைத்தான் சுதந்திர இலங்கையும் லயத்துக்குப் போட்டது. இதை விமலசுரேந்திரவின் கணக்கில் எழுத முடியாது.

ஆனால் உங்கள் ஊர் கொடுத்தது கம்பிக்கு இடம் மட்டும் இல்லை. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றோடு வெளியே தெரியும், கொழும்பிலிருந்து வேன் போட்டு வந்து படம் எடுப்பார்கள். அப்படித் தெரிகிறது என்றால் நாட்டுக்கு மின்வெட்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம், அது படம் எடுக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்குகிற தண்ணீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தில் டர்பைனைச் சுற்றி, நோட்டனுக்கு வந்து, அங்கிருந்து பழைய லக்ஷபானவைச் சுற்றி, பிறகு பொல்பிட்டிய நிலையத்தையும் சுற்றிவிட்டுத்தான் களனி கங்கையோடு போகிறது. ஒரே தண்ணீருக்கு மூன்று முறை விலை. அந்த விலையில் மலையகத்துக்குப் பங்கு என்ன என்று நீங்கள் கேட்டால், அதைத்தான் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள், என்னிடம் இல்லை.

கேள்வி (வத்தளை வாசகி): இவ்வளவு தண்ணீர் இருந்தும் நுரைச்சோலையில் ஏன் நிலக்கரி?

பதில்: நீர்மின்சாரத்தை மட்டும் நம்பியதால். லக்ஷபானவுக்குப் பிறகு மகாவலி, கொத்மலை, விக்டோரியா என்று போய்க்கொண்டே இருந்தோம், 1996இல் மழை ஏமாற்றியதும் நாடு இருட்டில் உட்கார்ந்தது. நிலக்கரி நிலையத்தை முதலில் திருகோணமலையில் என்றார்கள், பிறகு தெற்கே மாவெல்ல என்றார்கள், கடைசியில் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை. போன இடமெல்லாம் எதிர்ப்பு, புத்தளத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தது. 2006இல் வேலை ஆரம்பித்து 2011இல் முதல் அலகு ஓடியது, மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவாட். திருகோணமலைப் பக்கம் சம்பூரில் இன்னொன்று கட்ட இந்தியாவோடு பேசி, அங்கேயிருந்த தமிழ்ச் சனத்தின் காணிப் பிரச்சினை தீராமல் கிடக்க, 2016இல் கைவிட்டார்கள். திட்டம் போடுகிற இன்ஜினியரும் முடிவெடுக்கிற அரசியல்வாதியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, 1918க்கு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது என்றால் தாமதத்துக்குக் காரணம் சொல்லப் பல கட்சிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி (மட்டக்களப்பு வாசகி): மகன் மின்பொறியியல் கடைசி வருஷம். அரசாங்க வேலையா, வெளிநாடா?

பதில்: அவனைக் கேளுங்கள். அரசாங்கம்தான் என்றால், லீவில் ஒரு தடவை ஹட்டன் ரயில் ஏறி நோட்டன்பிரிட்ஜுக்கும் போய்வரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் போனால் வான்கதவு திறந்திருக்கும், குடை கொண்டு போகட்டும்.