ஆங்கிலத்தின் விகுதிகள் எங்கே போயின?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆங்கிலத்தில் மூன்று பால்களும் வேற்றுமை விகுதிகளும் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அவை எப்படி மறைந்தன? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வந்து ஆங்கில இலக்கணத்தைக் கெடுத்துவிட்டது என்பார் எங்கள் பேராசிரியர். சரிதானா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

பிரெஞ்சிலிருந்து சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, உண்மை. ஆனால் இலக்கணம் இளகத் தொடங்கியது அதற்கு முன்பே. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் டென்மார்க் பக்கத்திலிருந்து வந்த டேனியர்கள் குடியேறினார்கள். அவர்கள் மொழியும் ஆங்கிலமும் பங்காளிகள். வேர்ச்சொற்கள் பலவும் ஒன்று, விகுதிகள்தான் வேறு. பேச்சில் விகுதியை விழுங்கிவிட்டால் இரு தரப்புக்கும் புரிந்துவிடும். விகுதிகள் தேய்ந்ததில் இந்தக் கலப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இன்று நாம் ஆங்கிலத்தில் சொல்லும் ‘தே’ (they), ‘தெம்’ (them) கூட அவர்கள் வழி வந்தவைதான்.

நார்மன்கள் செய்தது வேறு. அரசவை பிரெஞ்சுக்குப் போனதும் பழைய எழுத்து மரபைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. பேச்சில் ஏற்கெனவே நடந்திருந்தது ஏட்டில் தெரிய ஆரம்பித்தது.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் துறவிகளின் ஆண்டுக் குறிப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1116-இல் மடம் தீப்பிடித்தது. அப்புறம் வேறோர் இடத்துப் பிரதியைப் பார்த்துப் பழைய ஆண்டுகளைப் படியெடுத்தார்கள். அந்தப் பகுதி பெரும்பாலும் பழைய இலக்கணப்படி இருக்கிறது. கடைசிப் பகுதி 1154 வரை வருகிறது. ஸ்டீபன் மன்னன் காலத்தில் பிரபுக்கள் கோட்டை கட்ட மக்களை வதைத்ததையும், கிறிஸ்துவும் புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று ஜனங்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டதையும் அங்கே ஒரு துறவி எழுதுகிறார். பால் வேறுபாடு அநேகமாக இல்லை, விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆனால் அந்த வேதனை ஒரு துளியும் குறையாமல் நம்மிடம் வந்து சேர்கிறது. இதைக் கெட்டுப்போன மொழி என்று எப்படிச் சொல்வது? விகுதி செய்த வேலையைச் சொல்வரிசை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்ற சட்டம் 1362-இல்தான் வந்தது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்!

ஸ்டீபன் காலத்து வேதனையைச் சொல்லும் அந்த 1137-ஆம் ஆண்டுக் குறிப்பை மட்டுமாவது இக்கால ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்துவைத்துப் படியுங்கள். மூல ஏடு ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.