ஆர்மீனிய மொழியில் நீதிபதியைக் குறிக்கும் 'தத்தவோர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

ஈரானியப் பக்கமிருந்து வந்தது. அடிச்சொல் 'தத்': தீர்ப்பு, வழக்கு. (முதல் எழுத்தை 'தயவு' என்பதில் வரும் 'த' போல மெலிதாகச் சொல்ல வேண்டும்.)

பழைய பாரசீகத்தில் 'தாத' என்றால் சட்டம். டேரியஸ் மன்னரின் பெஹிஸ்துன் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதோடு 'பர', அதாவது தாங்குபவர், சேர்ந்து 'தாதபர' ஆயிற்று: சட்டத்தைத் தாங்குபவர். விவிலியத்தில் தானியேல் 3:2-இல் வரும் அதிகாரிகள் பட்டியலின் அரமேய மூலத்திலும் இந்தச் சொல் உண்டு. இன்றைய ஈரானில் விளையாட்டு நடுவரைக்கூட 'தாவர்' என்கிறார்கள்.

ஆர்மீனியனும் பாரசீகம், வடமொழி போல இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம்தானே, சொந்தச் சொல்லாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இருக்க முடியாது. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் பழைய 't' ஒலி ஆர்மீனியத்தில் 'ய்' ஆகிவிடும். வடமொழியில் 'மாதர்', ஆர்மீனியத்தில் 'மாயர்', அம்மா. 'தத்' என்பதில் அந்த ஒலி அப்படியே நிற்பதால் இரவல் என்று தெரிகிறது. இப்படிப்பட்ட இரவல்கள் ஏராளம். அதனால் ஆர்மீனியனையே ஈரானியக் கிளை என்று அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். தனிக்கிளை என்று 1875-இல் காட்டியவர் ஜெர்மன் மொழியியலாளர் ஹூப்ஷ்மான்.

இரவலுக்குக் காரணம் ஆட்சி. 428 வரை ஆர்மீனியாவை ஆண்டது பார்த்திய (பழைய ஈரானிய) வழிவந்த அர்ஷகுனி அரச குலம். கோர்ட்டு, வரி, படை எல்லாம் அவர்கள் கையில் இருந்தால் அந்தச் சொற்களும் அவர்களுடையதாகத்தானே இருக்கும்?

வேரை இன்னும் தோண்டினால் 'வை, நிறுவு' என்ற பொருள் வரும். நிறுவப்பட்டதே சட்டம். வடமொழியில் அதே வேர் 'தா' (dhā; நம் 'தா', 'கொடு' அல்ல). அதிலிருந்து வந்த 'விதி' நம்மிடமும் இருக்கிறது.

ஆர்மீனியர்கள் இதை வைத்துப் பெரிய குடும்பமே வளர்த்துவிட்டார்கள். 'தத்தரான்' நீதிமன்றம், 'தத்தகாஸ்' அரசு வழக்கறிஞர். 1915 இனப்படுகொலைக்கு நீதி கேட்கும் இயக்கத்தை 'ஹாய் தத்', ஆர்மீனிய வழக்கு, என்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'தத்தஸ்தானகிர்க்', நீதி நூல். 1184-இல் மகித்தார் கோஷ் என்ற துறவி எழுதத் தொடங்கினார். உங்களுக்கென்று எழுதிவைத்த சட்டமே இல்லையே என்று பிறர் ஏளனம் செய்ததும், ஆர்மீனியர்கள் வேற்றுமதத்தார் கோர்ட்டுக்குப் போவதும் அவரை உறுத்தின. போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்முண்ட் 1519-இல் அங்கிருந்த ஆர்மீனியர்களுக்கு ஏற்றுக்கொடுத்த சட்டத்துக்கும் இந்த நூல்தான் அடிப்படை.

அப்புறம் சென்னை. ஆர்மீனியன் தெரு (நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் தெரு) பெயர்பெற்ற அந்தச் சமூகத்தின் வணிகர் ஷாஹாமிர் ஷாஹாமிரியன், அப்போது இல்லாத ஒரு சுதந்திர ஆர்மீனியாவுக்கு 521 பிரிவுகளில் அரசியலமைப்பு எழுதி இங்கேயே அச்சிட்டார். முகப்பில் உள்ள ஆண்டு 1773. அமெரிக்க அரசியலமைப்பு 1787-இல்தான் வந்தது.