ஒலி வருகிறது, படம் எங்கே?

கேள்வி: கைப்பேசியில் எடுத்த எம்பி4 வீடியோ பிளேயரில் நன்றாக ஓடுகிறது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஒலி மட்டும்தான் வருகிறது. கோப்பின் பெயரை எம்ஓவி என்று மாற்றியும் பயனில்லை.

பதில்: எம்பி4, எம்ஓவி எல்லாம் படத்தையும் ஒலியையும் வைக்கும் பெட்டிகள். பெயரை மாற்றுவது பெட்டியின் மேல் வேறு சீட்டு ஒட்டுவது போல. உள்ளே இருக்கும் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கிப் பதியும் முறை, மாறாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் 'ஃபார்மேட்' வரியைப் பாருங்கள். அநேகமாக எச்இவிசி, அதாவது எச்.265 என்று இருக்கும். விஎல்சி போன்ற பிளேயர்கள், சுருக்கியதை விரித்துக் காட்டும் டிகோடரைக் கையோடு வைத்திருக்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்களோ இயங்குதளத்தின் டிகோடரை நம்பியிருக்கின்றன. விண்டோஸில் எச்இவிசி எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல் இல்லையென்றால் அவற்றுக்குப் படம் தெரியாது. ஒலி பெரும்பாலும் ஏஏசி என்ற வேறு கோடெக்கில் இருப்பதால் அது மட்டும் தப்பித்து வந்துவிடுகிறது.

எக்ஸ்டென்ஷனை நிறுவி, எடிட்டிங் மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ஷட்டர் என்கோடர் என்ற மாற்றி மென்பொருளில், எடிட்டிங்குக்கு ஏற்ற கோடெக்குகளான புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பின் நிற நுணுக்கம் 8 பிட் என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ போதும். 10 பிட் என்றால் எச்க்யூஎக்ஸ் தேவை. இல்லாவிட்டால் நிறத்தைத் திருத்தும்போது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்: 1080பி, 30 ஃபிரேம் புரோரெஸ் 422 நிமிடத்துக்குச் சுமார் 1.1 ஜிபி பிடிக்கும். கோப்பு பெருத்ததால் படத்தின் தரம் கூடிவிடாது.

ஐபோன் என்றால் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை எச்.264 ஆகப் பதிவாகும். ஆனால் 4கே 60 ஃபிரேம் வேண்டுமென்றால் எச்இவிசியை விட்டு விலக முடியாது.

கேள்வி: தொடக்கத்தில் உதட்டசைவும் குரலும் ஒத்துப்போகின்றன. பத்து நிமிடம் போனதும் விலகிவிடுகின்றன. ஒலியை நகர்த்தி வைத்தாலும் சரியாகவில்லை.

பதில்: நகர்த்தினால் சரியாகாது. பிழை ஓரிடத்தில் இல்லை, போகப் போகச் சேர்கிறது. கைப்பேசி வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. விநாடிக்குச் சராசரி 29.7 ஃபிரேம் உள்ள கிளிப்பை மென்பொருள் 30 என்று எடுத்துக்கொண்டால், பத்து நிமிடப் படம் 6 விநாடி முன்னதாகவே முடிந்துவிடும். மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோடு 'வேரியபிள்' என்றிருந்தால் இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய், ஃபிரேம் ரேட்டில் 30ஐத் தேர்ந்தெடுத்து, 'கான்ஸ்டன்ட்' குறியிட்டு, ஆர்எஃப் என்ற தர அளவை 18ல் வைத்து மாற்றுங்கள். எடிட்டைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. வெட்டி ஒட்டிய பிறகு கோப்பை மாற்றி வைத்தால் வெட்டுகள் இடம் தவறிப்போகலாம்.

கேள்வி: விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் புதிய கேமராவின் 4கே கிளிப்கள் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகின்றன.

பதில்: நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் குரோமா 4:2:2, 10 பிட் எச்.265 ஆக இருக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் அதை டிகோட் செய்வதில்லை. சுமை முழுக்கப் பிராசஸர் தலையில் விழுகிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த உள்ளமை கிராஃபிக்ஸ் செய்யும் என்பதால், கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அதை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையேல் 1080பி புராக்ஸி (சிறிய நகல் கோப்பு) போட்டு எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு மூலக் கோப்பைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: திரையைப் பதியும் ஓபிஎஸ்ஸில் பதிவான எம்கேவி கோப்பை எடிட்டிங் மென்பொருள் ஏற்கவில்லை.

பதில்: எம்கேவியும் ஒரு பெட்டிதான். ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுங்கள். பெட்டி மட்டும் எம்பி4 ஆக மாறும், தரம் குறையாது, சில விநாடிகளில் முடிந்துவிடும்.