ஒரே பூமி, முப்பது குளிர்காலம்

கேள்வி: பதினைந்து நாள் கழித்து மழை வருமா என்றே உறுதியாகச் சொல்ல முடியாத கணினி, ஐம்பது ஆண்டு கழித்து பூமி சூடாகும் என்று எப்படிச் சொல்கிறது? (வாசகர், கரூர்)

பதில்: மாணவியாக இருந்தபோது இதே கேள்வியோடு ஆசிரியரிடம் மல்லுக்கு நின்றவள் நான். சந்தேகம் தீர்ந்தது ஒரு படத்தைப் பார்த்த பிறகுதான்.

அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்தில், கடலையும் காற்றையும் இணைத்துப் பூமியின் காலநிலையைக் கணக்கிடும் ஒரு கணினி மாதிரியை முப்பது தடவை ஓட்டினார்கள். கரியமில வாயுவின் அளவு உட்பட எல்லாம் ஒன்றே. 1920-இல் தொடங்கும்போது காற்றின் வெப்பநிலையில் மட்டும் நூறு லட்சம் கோடியில் ஒரு டிகிரி அளவுக்கு வித்தியாசம். அவ்வளவுதான்! 1963 முதல் 2012 வரையிலான வட அமெரிக்கக் குளிர்கால வெப்பநிலை எப்படி மாறியது என்று பார்த்தால், ஒரு ஓட்டத்தின் வரைபடத்தில் கண்டம் முழுக்கச் சூடாகிச் சிவப்பு; இன்னொன்றில் சில பகுதிகள் குளிர்ந்து நீலமாகக் கிடக்கின்றன. முப்பதையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், எங்கும் வெப்பம், வடக்கே இன்னும் அதிகமாக, தெளிவாக எழுகிறது. ஐம்பது ஆண்டுக்குக் கணினி சொல்வது இந்தச் சராசரிப் போக்கைத்தான்; குறிப்பிட்ட நாளின் மழையை அல்ல.

அப்புறம், தற்செயல் என்றால் நாலு நாள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றாடக் காற்றின் உதறல்களைக் கடல் சேர்த்துவைத்து, பல ஆண்டு நீளும் மெல்லிய அலைவாக மாற்றிவிடும். 1976-இல் இதைக் கணிதமாக்கிக் காட்டிய ஜெர்மன் காலநிலை விஞ்ஞானி கிளாவுஸ் ஹாசல்மனுக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது.

நிஜ பூமி ஒரே தடவைதான் ஓடுகிறது. அதனால் உங்கள் ஊரில் பத்து வருடம் வெயில் குறைந்தாலும் அந்தச் சராசரி பொய்யாகிவிடாது.