கல்லீரலுக்கு ட்ரைஃபேசிக் சிடி: ஒரே இடத்தை ஏன் மூன்று தடவை எடுக்கிறார்கள்?

பில்லை ஏற்ற அல்ல. கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. சுமார் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக, மீதி கல்லீரல் தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டிக்குப் பெரும்பாலும் தமனி ரத்தம்தான் தீனி. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது ரத்தம் ஓடும் இடத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து, தமனியில் ஓடும் நேரத்தில், ஏற்றத் தொடங்கி ஏறக்குறைய 35ஆவது விநாடியில், கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். 70ஆவது விநாடி வாக்கில் கல்லீரல் முழுக்க வெளுக்கும். 3 முதல் 5 நிமிடம் கழித்து எடுத்தால் அதே கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கருத்திருக்கும். ஹெமாஞ்சியோமா என்ற சாதாரண ரத்தநாளக் கட்டியோ நேர்மாறு: ஓரத்தில் தொடங்கி மெதுவாக உள்ளே நிறையும். ஒரே ஒரு படத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

இந்த விநாடிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. இதயம் பலவீனமானவருக்கு மருந்து தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்காக டெக்னீஷியன் திரையில் தெரியும் மகாதமனிமேல் ஒரு சின்ன வட்டம் குறித்துவைப்பார். அங்கே அடர்த்தி குறித்த அளவை, பொதுவாக 100 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகை (சிடி படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு), தொட்டதும் அதிலிருந்து சில விநாடிகளில் ஸ்கேன் ஓடும். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி போடுவதும் இதனால்தான். மருந்து விநாடிக்கு 4 மில்லி வேகத்தில் போக வேண்டும். உடம்பு திடீரென்று சூடாவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். ஊசி போட்ட இடம் வலித்து வீங்கினால் மட்டும் உடனே குரல் கொடுங்கள்.

கதிர்வீச்சு கூடுகிறது என்பது உண்மைதான். அது கவலையென்றால் எம்ஆர்ஐ சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.